முதலில் காது திறக்கட்டும்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறு, மாற்கு 7:31-37)



இன்றைய நற்செய்தியில் ஒரு மனிதரை இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். அவருக்குக் காது கேளாது; பேச்சும் திக்கித் திக்கித்தான் வரும். கூட்டி வந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: இவர்மேல் கை வைக்க வேண்டும். கை வைக்க ஒரு நொடி போதும். ஆனால் இயேசு அவசரப்படவில்லை. அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். அவருடைய காதுகளில் விரல்களை இடுகிறார். உமிழ்நீரால் நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அதன் பிறகே 'எப்பத்தா' என்கிறார். திறக்கப்படு என்பது அதன் பொருள்.

இங்கே ஒரு வரிசை இருப்பதைக் கவனியுங்கள். முதலில் காது திறக்கிறது. அதற்குப் பிறகு நாவின் கட்டு அவிழ்கிறது. கேட்கும் வரம் கிடைத்த பின்புதான் தெளிவாகப் பேசும் வரம் கிடைக்கிறது. நம் குழந்தைகளும் அப்படித்தானே? கேட்டுக் கேட்டுத்தான் பேசப் பழகுகிறார்கள்.

சண்டையில் பிளந்து கிடக்கும் குடும்பத்துக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் இதே வரிசைதான் பொருந்தும். ஆனால் நாம் செய்வது தலைகீழ். சமாதானம் பேசப் போகிறோம் என்றுதான் சொல்கிறோம். கேட்கப் போகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. போய் உட்கார்ந்ததும், "நடந்தது நடந்துபோச்சு, இனி அதைக் கிளறாதீங்க" என்று ஆரம்பிக்கிறோம். அடிபட்டவர் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கமாட்டார். அதற்குள் மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். அவர் தலையாட்டுவார். நாமும் காரியம் முடிந்தது என்று எழுந்து வந்துவிடுவோம். புண் உள்ளே அப்படியே இருக்கும்.

கேட்பது எவ்வளவு கனமான பணி, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு, நம் திருஅவையின் அண்மைக்கால வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டில் நடந்தது.

குவாத்தமாலாவில் 36 ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது. ஒரு பக்கம் அரசுப் படை. மறு பக்கம் கெரில்லா குழுக்கள். நடுவில் சிக்கியவர்கள் மலையோரக் கிராமங்களில் வாழ்ந்த மாயா பழங்குடி மக்கள். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை கண்டறியும் ஆணையம் 1999-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் சேர்ந்து 2,00,000 பேருக்கு மேல் என்றது அந்த அறிக்கை. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா இனத்தவர். ஆணையம் பதிவு செய்த வன்முறைகளில் 93 விழுக்காட்டுக்கு அரசுப் படையினரும் அவர்களைச் சார்ந்த குழுக்களுமே பொறுப்பு என்றும் அது கூறியது.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் போர் ஊர்களுக்குள் என்ன செய்தது என்று பாருங்கள். இராணுவம் 1980-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஆண்களைக் கட்டாயமாகச் சேர்த்து ஊர்க்காவல் படைகளை அமைத்தது. சேர மறுத்தவர் கெரில்லாக்களின் ஆள் என்று முத்திரை குத்தப்படுவார். அந்த முத்திரையே உயிருக்கு ஆபத்து. இப்படிச் சேர்க்கப்பட்ட ஊர்க்காரர்களைக் கொண்டே அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்க வைத்தார்கள், பிடிக்க வைத்தார்கள், பல இடங்களில் கொல்லவும் வைத்தார்கள். போர் முடிந்ததும் படைகள் பாசறைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் கணவனை இழந்த பெண்ணும், அந்த நாளில் துப்பாக்கி பிடித்து நின்ற அண்டை வீட்டுக்காரரும் எங்கே போவார்கள்? அதே ஊர், அதே சந்தை, அதே கோவில். கும்பிட வந்தால் பக்கத்துப் பெஞ்சு.

அந்த ஊர்களில் பேச்சே இல்லாமல் போயிருந்தது. அழுதால்கூட யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். செத்தவர்களைப் பயங்கரவாதிகள் என்று மேலிடம் சொல்லிவிட்டதால், துக்கம் கொண்டாடவும் வழியில்லை. எங்கே புதைத்தார்கள் என்று தெரியாததால் கல்லறையும் இல்லை, கல்லறைத் திருநாளன்று ஏற்ற மெழுகுதிரியும் இல்லை. நான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்ற குற்ற உணர்ச்சி வேறு.

அன்பார்ந்தவர்களே, இந்த மௌனத்தைக் கேட்கத் துணிந்தவர் ஓர் ஆயர். பெயர் ஹுவான் ஹெரார்தி. அவர் முதலில் வெராபாஸ் மறைமாவட்டத்திலும், 1974 முதல் கிச்சே மறைமாவட்டத்திலும் ஆயராக இருந்தவர். வெராபாஸில் பழங்குடி மக்கள் தங்கள் கெக்சி மொழியிலேயே வழிபட வழிசெய்தவர். 1980-இல் கிச்சேயில் அருள்பணியாளர்களும் வேதியர்களும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். அவரையும் கொல்ல முயற்சி நடந்தது. வேறு வழியின்றி, அருள்பணியாளர்களையும் துறவியரையும் அங்கிருந்து வெளியேற்றி, மறைமாவட்டத்தையே தற்காலிகமாக மூடினார் ஆயர். மந்தையைச் சிதறவிட்டு வெளியேற வேண்டிய நிலை ஓர் ஆயருக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! அவ்வாண்டு உரோமையில் நடந்த ஆயர் மாமன்றத்துக்குச் சென்று திரும்பியபோது, சொந்த நாட்டுக்குள் நுழைய அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சில காலம் கோஸ்தா ரிக்காவில் வாழ்ந்தார். பின்னர் நாடு திரும்பி, 1984-இல் தலைநகர் உயர்மறைமாவட்டத்தின் துணை ஆயரானார். பேராயரின் மனித உரிமை அலுவலகத்துக்கும் பொறுப்பேற்றார்.

அமைதிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த 1994-ஆம் ஆண்டு, உண்மை ஆணையம் அமைப்பதென இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஆனால் அந்த ஆணையம் தனிமனிதர் எவர்மீதும் பொறுப்புச் சுமத்தக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். ஏழை மக்களின் குரல் முழுமையாகக் கேட்கப்படுமா என்ற கவலை திருஅவைக்கு எழுந்தது. ஆகவே, போர் முறையாக முடிவதற்கு முன்பே, 1995-இல், வரலாற்று நினைவு மீட்புத் திட்டம் என்ற பணியை மறைமாவட்டங்கள் தொடங்கின. அதன் முன்னோடியாக நின்றவர் ஆயர் ஹெரார்தி.

அவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள் இருக்கின்றன.

முதலாவதாக, கேட்பவர்கள் தேடிப் போனார்கள். 'பாதிக்கப்பட்டோர் அலுவலகத்துக்கு வந்து மனுக் கொடுக்கலாம்' என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தந்தப் பங்குகளிலிருந்தே, வேதியர்களையும் பொதுநிலையினரையும் நூற்றுக்கணக்கில் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இவர்களுக்கு ஒப்புரவு ஊக்குநர்கள் என்று பெயர். விசாரணையாளர், ஆய்வாளர் என்றெல்லாம் பெயர் வைக்காமல் இப்படிப் பெயர் வைத்ததே பொருள் நிறைந்தது. கேட்பதுதான் ஒப்புரவின் முதல் வேலை என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். மலைப்பாதைகளில் நடந்து, ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் கிராமங்களுக்குச் சென்றார்கள்.

இரண்டாவதாக, மக்களின் தாய்மொழியில் கேட்டார்கள். குவாத்தமாலாவின் ஆட்சிமொழி ஸ்பானியம். நீதிமன்றமும் காவல் நிலையமும் பேசுவது அந்த மொழிதான். ஆனால் ஒரு தாயின் துக்கம் ஆட்சிமொழியில் வெளிவராது. அவள் தாலாட்டுப் பாடிய மொழியில்தான் ஒப்பாரியும் வரும். கிச்சே, கெக்சி, மாம், இஷில் என மாயா மொழிகளிலேயே ஏராளமான சாட்சியங்கள் சொல்லப்பட்டன. பேச வந்தவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நெஞ்சில் பூட்டி வைத்திருந்ததை முதன்முறையாகச் சொன்னவர்கள் அவர்களில் பலர்.

மூன்றாவதாக, அவர்கள் கேட்ட கேள்விகள் எளியவை. என்ன நடந்தது? எப்போது? எங்கே? யார் செய்தார்கள்? ஏன் என்று நினைக்கிறீர்கள்? இவற்றோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: அந்தத் துன்பத்தை நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. முன்னைய கேள்விகள் ஒருவரைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கின்றன. கடைசிக் கேள்வி அவரைத் தாங்கி நின்றவராக, பிள்ளைகளைக் காப்பாற்றியவராக, நம்பிக்கையை விடாதவராகப் பார்க்கிறது. உங்கள் வீட்டில் துக்கம் நடந்தபோது யாராவது உங்களிடம் இப்படிக் கேட்டிருந்தால், அந்த மனிதரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

நான்காவதாக, அவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் கேட்கவில்லை. கெரில்லாக்களால் துன்புற்றோரின் குரலையும் பதிவு செய்தார்கள். வன்முறையில் பங்கெடுத்த சிலரும் வந்து பேசினார்கள். கட்டாயத்தின்பேரில் ஊர்க்காவல் படையில் இருந்தவர்களின் கதைகளும் பதிவாகின. செய்தவனுக்கும் ஒரு பாரம் உண்டு. அதை இறக்கி வைக்க அவனுக்கும் ஓரிடம் வேண்டும். இதற்காக இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். யார் அதிகம் செய்தார்கள், யாருடைய கட்டளையால் நடந்தது என்பதை அறிக்கை மறைக்கவில்லை. எல்லாரையும் கேட்பது வேறு. எல்லாரும் சமமாகத் தவறு செய்தார்கள் என்று பூசி மெழுகுவது வேறு.

ஐந்தாவதாக, கேட்டதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 5,000-க்கும் மேற்பட்ட சாட்சியங்களும், அவற்றில் சொல்லப்பட்ட 50,000-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டோரின் விவரங்களும் நான்கு தொகுதிகளாயின. 'குவாத்தமாலா: இனி ஒருபோதும் வேண்டாம்' என்பது அந்த அறிக்கையின் தலைப்பு. அத்தோடு நிறுத்தாமல், எளிய மக்கள் படிக்கத்தக்க சுருக்கப் பதிப்பும் பின்னர் வந்தது. கேட்டவை மீண்டும் கிராமங்களுக்கே கொண்டுசெல்லப்பட்டன. கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களைத்தான் ஏழைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்து, "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று காட்டுகிறவர்கள் அரிது.

1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. தலைநகரின் பேராலயத்தில் ஆயர் ஹெரார்தி அந்த அறிக்கையை மக்கள் முன் வெளியிட்டார். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 26, ஞாயிறு இரவு, அவர் தங்கியிருந்த பங்கு இல்லத்தின் வாகனக் கொட்டகையில் அடித்துக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 75. 2001-இல் மூன்று இராணுவத்தினரும், மனம் வலிக்கச் சொல்கிறேன், ஓர் அருள்பணியாளரும் இந்த வழக்கில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர்.

ஒரு முதியவர் பிறருடைய கண்ணீரைக் கேட்டு எழுதி வைத்ததற்காக ஏன் கொல்லப்பட வேண்டும்? ஏனென்றால் அநியாயம் இரண்டு கால்களில் நிற்கிறது. ஒரு கால் வன்முறை. மறு கால் மௌனம். முதல் கால் ஓய்ந்த பிறகும் இரண்டாவது காலை ஊன்றி அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். யாராவது காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினால் அந்தக் காலும் ஆட்டம் காணும். கொலைக்குப் பின் காயினிடம் கடவுள் கேட்ட முதல் கேள்வி அவன் தம்பி எங்கே என்பதுதான். தெரியாது என்று காயின் தட்டிக் கழித்தான். ஆனால் மண்ணிலிருந்து எழுந்த ஆபேலின் இரத்தக் குரல் கடவுளின் காதில் விழுந்திருந்தது (தொநூ 4:9-10). எகிப்தில் அடிமைகளின் கூக்குரலைக் கேட்டதால்தான் அவர் மோசேயை அனுப்பினார் (விப 3:7-10). பாலைவனத்தில் ஆகாரின் மகனுக்கு இடப்பட்ட இஸ்மயேல் என்ற பெயருக்கே 'கடவுள் கேட்கிறார்' என்றுதான் பொருள். நம் கடவுள் பேசுகிற கடவுள் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அவர் முதலில் கேட்கிற கடவுள்.

கேட்டதால் குவாத்தமாலாவில் எல்லாம் சரியாகிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பல கொலைகளுக்கு இன்றும் நீதி கிடைக்கவில்லை. முன்னாள் இராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மோந்த் 2013 மே மாதம் இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்; பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. ஆனால் அந்த வழக்கில் இஷில் இனப் பெண்களும் ஆண்களும் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, தங்களுக்கு நேர்ந்ததைத் தங்கள் மொழியில் சொன்னார்கள். நாடே கேட்டது. ஒரு காலத்தில் அழவே பயந்த மக்கள் அவர்கள்! இன்று குவாத்தமாலா பேராலயத்தின் முன்னுள்ள தூண்களில் பாதிக்கப்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கிச்சேயில் கொல்லப்பட்ட மூன்று அருள்பணியாளர்களும் ஏழு பொதுநிலையினரும், அவர்களில் 12 வயதுச் சிறுவன் ஒருவனும், 2021 ஏப்ரல் 23-ஆம் நாள் அருளாளர்களாக உயர்த்தப்பட்டார்கள். பயங்கரவாதிகள் என்று பழி சுமத்தப்பட்டவர்களைத் திருஅவை பீடத்தில் ஏற்றியிருக்கிறது. காது திறந்தது, மெதுவாக நாவின் கட்டும் அவிழ்ந்துகொண்டிருக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்ற சுற்றுமடலில் இதைத்தான் வலியுறுத்துகிறார். மன்னிப்பு என்பது மறதி அல்ல. கொடுமைக்கு ஆளானவர்களிடம் 'எல்லாரும் மன்னித்துவிடுங்கள்' என்று வெளியிலிருந்து யாரும் கட்டளையிட முடியாது என்கிறார் அவர். மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் கையில் இருக்கும் கொடை. அதை அவர் கொடுக்கும் வரை காத்திருந்து கேட்பது நம் கடமை. 2022-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்திக்கும் அவர் தேர்ந்தெடுத்த பொருள் இதுவே: இதயத்தின் செவிகொண்டு கேட்பது.

நம் ஒப்புரவு அருளடையாளத்தையும் நினைத்துப் பாருங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவர் முதலில் என்ன செய்கிறார்? காதை மூங்கில் தட்டியோரம் வைத்துக் கேட்கிறார். பாவமன்னிப்பு வாக்கியம் அதன் பிறகுதான். எதையும் கேட்காமல், வந்தவர் முழந்தாளிடும் முன்பே, "சரி, மன்னித்தாயிற்று, போங்கள்" என்று ஒரு குரு சொன்னால் நாம் ஏற்போமா? கடவுளோடு ஒப்புரவாவதற்குப் பொருந்தாத அந்த அவசரம், அயலாரோடு ஒப்புரவாவதற்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

நாம் இருப்பது குவாத்தமாலாவில் அல்ல. ஆனால் எந்தத் தெரு வழியாகத் தேர் போவது, எந்தக் குடும்பம் எந்த வரிசையில் நிற்பது, யாருக்குக் கல்லறையில் எந்த இடம் என்பதற்காகப் பிளவுபட்ட பங்குகளை நாம் அறிவோம். சொத்துப் பிரிப்பில் தொடங்கிய வாய்ப்பேச்சால் பல ஆண்டுகளாக ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்காத அண்ணன் தம்பிகளை அறிவோம். சாதியின் பெயரால் அவமானப்பட்டு, அதை வெளியில் சொல்லாமல், திருவிருந்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறவர்கள் நம் நடுவில் இருக்கலாம். 'எங்கள் பங்கில் பிரச்சனையே இல்லை' என்று சொல்லும் முன், யாராவது பேசாமல் இருக்கிறார்களா என்று பார்ப்போம். அமைதியும் மௌனமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த வாரம் செய்யத்தக்க சில காரியங்களைச் சொல்லி நிறைவு செய்கிறேன். உங்களோடு பேச்சு நின்றுபோன ஒருவரையோ, உங்கள் தரப்பால் காயப்பட்ட ஒருவரையோ தேடிப் போங்கள். இயேசு செய்ததுபோல, கூட்டத்தில் அல்ல, தனியே. "உங்களுக்கு அன்றைக்கு என்ன நடந்தது? நான் உங்கள் வாயால் கேட்டதே இல்லை" என்று தொடங்குங்கள். அவர் பேசும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். உங்கள் பக்க நியாயம் ஓடிப்போய்விடாது. அதற்கும் ஒரு நாள் வரும். எம்மாவு வழியில் இயேசு, என்ன நடந்தது என்று தெரிந்தவராக இருந்தும், தெரியாதவர்போலக் கேட்டு, அந்த இரு சீடர்களும் தங்கள் துக்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை உடன் நடந்தார் (லூக் 24:17-24). மறைநூலை விளக்கியது அதன் பின்புதான். கேட்டு முடித்ததும் உடனே கைகுலுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். சில நாள் கழித்து மறுபடி போங்கள். திரும்பி வருகிற மனிதரைத்தான் காயப்பட்டவர் நம்புவார்.

யாராவது உங்களைத் தேடி வந்து கேட்டால், பயப்படாமல் சொல்லுங்கள். உங்கள் துன்பத்தைச் சொல்வது பழிவாங்குவது ஆகாது. உண்மையைச் சொல்வது, மற்றவர் மனம் மாற நீங்கள் திறந்துவிடும் கதவு.

நாம் திருமுழுக்குப் பெற்றபோது, குருவானவர் நம் காதையும் வாயையும் தொட்டு 'எப்பத்தா' செபம் சொல்லும் வழக்கம் உண்டு. அங்கேயும் அதே வரிசைதான்: காது முதலில், வாய் பிறகு. அந்த அருளைக் கேட்டு மன்றாடுவோம்.

ஆண்டவரே, காயப்பட்டவரின் குரல் எங்களுக்குச் சங்கடமாக இருக்கும்போதும் எழுந்து போய்விடாமல் உட்கார்ந்து கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். சொல்ல முடியாமல் தவிப்போருக்குக் கேட்கும் காதுகளைத் தாரும். எங்கள் பங்கில், எங்கள் குடும்பங்களில் மூடிக்கிடப்பவை உம் சொல்லால் திறக்கப்படட்டும். ஆமென்.